தபால் அட்டையில் தென்னையாகிப்போன வீடு

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது சங்கரவடிவு மதினி, என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகன் மனைவி. என் மூத்தவனுக்கு முதல் பால்பல் விழுந்த வருஷம், கந்த சஷ்டி விரதத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் திருச்செந்தூரில் ஆறு நாள் மண்டபத்தில் தங்கியிருந்தபோது, ஐந்தாம் நாள் மத்தியானம், பசி காதை அடைக்கிற நேரத்தில் சொன்னாள். அதனால் சாப்பாடு வருகிற இடங்களில் மதினி கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். நானும் அதைக் குறைக்கவில்லை. மற்றதெல்லாம், முருகன் அறிய, அவள் சொன்னபடிதான்.

மதினி பிறந்த ஊர் வாகைநல்லூர். பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. ஒரு கோவில், ஒரு சர்க்கார் கச்சேரி, நான்கு தெரு. சௌமிய வருஷம் தை மாசம் அந்த ஊருக்கு மெட்ராஸிலிருந்து ஒரு படக்காரர் மூன்று கால் பெட்டியையும் கறுப்புத் துணியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சின்னச் சின்ன ஊர்களின் தெருவையும் வீட்டையும் படம் பிடித்து, கப்பலில் சீமைக்கு அனுப்பி, அங்கே அச்சடித்து வர்ணம் பூசித் தபால் அட்டையாக்கி விற்பது அந்தக் காலத்தில் ஒரு தொழில். துரைமார்கள் அதை வாங்கி, "அம்மா, நான் இருக்கிற ஊர் இதுதான், இங்கே வெயில் அதிகம்" என்று எழுதி வீட்டுக்குப் போடுவார்களாம்.

படக்காரர் கீழத்தெருவைப் பிடிக்கப் போகிறார் என்று முந்தின நாளே தெரிந்துவிட்டதால் தெருவே கல்யாண வீடானது. சுண்ணாம்பு அடித்தவர்கள் அடித்தார்கள், கொம்புக்கு வர்ணம் பூசின காளையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினவர்கள் நிறுத்தினார்கள், ஒருத்தர் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் தெருவில் போட்டு அதில் யாரையும் உட்கார விடாமல் காவல் நின்றார். தெரு நடுவில் குடியிருந்த ஆவுடையப்ப பிள்ளை மட்டும் இரண்டு வண்டி தென்னங்கீற்று இறக்கி, கூரையிலிருந்து தரை வரைக்கும் வீட்டின் முகப்பையே மூடித் தொங்கவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கூத்தபிரான் பிள்ளை வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார்.

"என்ன வே, கல்யாணமா, எழவா? ஒரு வார்த்தை சொல்லாம பந்தல் போட்டிருக்கீரு?"

"ரெண்டும் இல்ல. நீரு உம்ம சோலியப் பாரும்."

"ஊரே மூஞ்சியக் கழுவிப் பொட்டு வச்சு நிக்கி. நீரு மட்டும் முக்காடு போடுதீரே?"

ஆவுடையப்ப பிள்ளை இன்னொரு கீற்றை எடுத்துக் கட்டினார். அவரை நாம் குறை சொல்லக் கூடாது. அவருக்கு முதலில் பிறந்தது இரண்டும் ஆண். ஒரு திருவிழாவில், தேர் பார்க்க வந்த யாரோ ஒருத்தி, "ராசா மாதிரி ரெண்டு பிள்ளைய்யா, எம்புட்டு அழகு!" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனாள். அந்த மாசத்துக்குள் அம்மை வந்து இரண்டும் போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்த உலகம்மையை அவர் யாருக்கும் காட்டாமலே வளர்த்தார். பார்ப்பது என்றாலே அவருக்குப் பயம். அந்த மூன்று கால் பெட்டியின் ஒற்றைக் கண்ணோ, ஊர்க் கண்ணை எல்லாம் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி வைத்ததுபோல் இருந்தது அவருக்கு. அவர் கீற்றுக்கு முன்னால் நின்று, பிள்ளையாரைப் பார்த்துத் தலையில் குட்டிக்கொண்டு, "என் வீட்டு மேல எவன் கண்ணும் படக்கூடாதுப்பா" என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்கும் கோவிலில் உச்சிகால மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

மணி அடிக்கும்போது சொன்ன வாக்குப் பலிக்கும் என்பார்கள். பலித்தது.

சீமையில் என்ன நடந்தது என்று மதினிக்கும் தெரியாது. படங்களுக்கு வர்ணம் பூசுகிற பெண்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்து, ஒருத்தி நீலம் மட்டும், ஒருத்தி பச்சை மட்டும் என்று பூசுவார்களாம். பச்சைக்காரி பாவம், தன் பிறவியில் தென்னையைப் பார்த்தவள் இல்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கீற்று தொங்குகிறது, கீற்றுக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. இந்தியாவில் மரம் இப்படித்தான் தெருவில் வரிசையோடு நிற்கும் போலிருக்கிறது என்று நினைத்து, அழகாக ஒரு தண்டு வரைந்து, மேலே நாலு குலை தேங்காயும் வைத்துவிட்டாள். அடுத்த வருஷம் ஆடி மாசம் ஸ்லேட்டுக்குச்சி விற்கிற கடைக்கு அட்டைக் கட்டு வந்து இறங்கி, முதல் அட்டையைக் கடைக்காரர் உருவிப் பார்த்த நேரத்தில், கீழத்தெருவில் ஆவுடையப்ப பிள்ளை வீடு இருந்த இடத்தில் ஒரு தென்னை மரம் நின்றது. அந்த வருஷத்துக்குப் பெயரே சாதாரண வருஷம். ஊரும் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டது.

வீடு எங்கேயும் போகவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு முற்றம் முற்றமாகவே இருந்தது, அடுப்பு அடுப்பாகவே எரிந்தது, ஜன்னல் வழியாகத் தெரு முழுக்கத் தெரிந்தது. தெருவிலிருந்து பார்த்தால்தான் மரம். அதிலும் முன்னே ஒரு தடவையாவது அந்த வீட்டுப் படியை மிதித்தவர்கள் மரத்தை வலது தோளால் உரசிக்கொண்டு நடந்தால் நடை வந்துவிடும். படி மிதிக்காதவர்களுக்கு மரம் மரம்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாலும் இழுத்தவர் உள்ளே போய்விடுவார், இழுபட்டவர் மரத்தில் மூக்கை இடித்துக்கொண்டு வெளியே நிற்பார்.

ஊர் இரண்டே வாரத்தில் பழகிவிட்டது. தபால்காரர் மரத்தடியில் நின்று "ஆவுடையப்ப பிள்ளை!" என்று கூவிவிட்டுக் கடிதத்தைத் தண்டில் நீட்டுவார், உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். யாராவது ஆட்டை மரத்தில் கட்டினால் அது அடுப்படித் தூணில் கட்டிக் கிடந்து கறிவேப்பிலையைத் தின்றது. ஜனக்கணக்கு எடுக்க வந்த வெளியூர்க்காரர் அந்த நிழலில் உட்கார்ந்துதான் தெருக் கணக்கு முழுவதையும் எழுதினார். ஆவுடையப்ப பிள்ளை மனைவி நாச்சியாரம்மாள் உள்ளேயிருந்து, "ஐயா, நாங்க மூணு பேரு இருக்கோம்! மூணு பேரு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவர் அண்ணாந்து பார்த்து, "நல்ல காத்து" என்று சொல்லிவிட்டு, தென்னை ஒன்று என்று எழுதிக்கொண்டு போனார்.

தேங்காய்தான் ஊருக்கு வேடிக்கை. மரத்திலிருந்து விழுகிற காயை உடைத்தால், அந்த வீட்டில் அன்றைக்கு என்ன சமையலோ அந்த ருசி இருந்தது தண்ணீரில். வெள்ளிக்கிழமை விழுந்தால் பாயசம், அமாவாசைக்கு விழுந்தால் வாழைக்காய்ப் பொரியல். காய்கள் பெரும்பாலும் கூத்தபிரான் பிள்ளை வீட்டுப் பக்கமே விழுந்ததால் அவருக்கு அந்த வீட்டுச் சமையல் முழுவதும் அத்துபடி.

"என்ன வே ஆவுடையப்பா, நேத்து சுண்டவத்தக் குழம்பா? உப்பு ஒரு கல்லு தூக்கல்."

"எங்க வீட்டுக் குழம்ப ருசி பாக்க உமக்கு யாரு சீட்டு எழுதிக் குடுத்தா?"

"நானா வந்தேன்? குழம்புல்லா வே என் முத்தத்துல வந்து விழுது!"

இப்படியே எட்டு வருஷம் போனது. ஆவுடையப்ப பிள்ளைக்கு உள்ளூர நிம்மதிதான். கண் படவில்லை, காய்ச்சல் வரவில்லை, பெண் வளர்ந்தாள். ஆனால் உலகம்மைக்குப் பத்தொன்பது ஆனபோது நாச்சியாரம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அந்தக் காலத்தில் பத்தொன்பது என்றால் ஊர் வாயில் விழுந்தது என்று அர்த்தம். பார்த்தால்தானே பெண் கேட்பார்கள்? மரத்துக்குள் இருக்கிற பெண்ணை யார் பார்ப்பார்கள்?

"கோவில்ல வச்சுக் காட்டுவோமே" என்றாள் நாச்சியாரம்மாள்.

"என் மகள என் வீட்டுல வந்து பாக்கட்டும். தெருத்தெருவா கொண்டு போய்க் காட்டுததுக்கு அவ என்ன உற்சவரா?"

"கூத்தபிரான் அண்ணாச்சி அவுக வீட்டுல வச்சுக்கிடலாம்ங்காக."

"அந்தாளு வீட்டுலயா? எட்டு வருசமா நம்ம குழம்பக் குடிச்ச வாய் அது!"

ஆக, மாப்பிள்ளை வீட்டார் மரத்தடிக்கே வந்தார்கள். ஆவுடையப்ப பிள்ளை வாசலுக்கு வந்து கூப்பிடமாட்டார். கூப்பிட்டால் கண்ணையும் சேர்த்துக் கூப்பிட்டதாகிவிடும் என்று உள்ளேயே தூணோரம் உட்கார்ந்துகொண்டு, கூத்தபிரான் பிள்ளைக்குச் சீட்டு அனுப்பி அவரை விட்டு அழைக்கச் சொல்வார். சண்டை சண்டையாக இருந்தாலும் கூத்தபிரான் பிள்ளை நல்லது கெட்டதுக்கு வராமல் இருக்கமாட்டார். வருகிறவர்கள் கையைப் பிடித்து இழுப்பார். வருகிறவர்கள் மூக்கை இடித்துக்கொள்வார்கள்.

முதலில் வந்த மாப்பிள்ளைக்குத் தட்டார்மடம் பக்கம். நூறு கோட்டை விதைப்பாடு நிலம், தங்க அரைஞாண். மூக்கு இடிபட்ட எரிச்சலில் வாய் நிறைய வெற்றிலையைக் குதப்பி, மரத்தின் மேலேயே துப்பிவிட்டு நின்றான். உள்ளே பட்டுப்புடவையில், தலை நிறையப் பிச்சிப்பூவோடு ஜன்னலில் நின்ற உலகம்மை, வெள்ளையடித்த நடைச் சுவரில் அந்தச் சிவப்பு ஒழுகி இறங்குவதைப் பார்த்தாள்.

"அம்மா, இவன் வேண்டாம்" என்றாள்.

"ஏட்டி, சொத்துக்காரன்டி!"

"நம்ம சுவத்துல துப்புதான்ம்மா."

அவள் சொன்ன மாத்திரத்தில் மரத்திலிருந்து ஒரு முற்றின காய் விழுந்து, மாப்பிள்ளை கால் பெருவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் புதைந்தது. அவர்கள் வண்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது மாப்பிள்ளை படித்தவன், ரெவின்யூ குமாஸ்தா. சும்மா நிற்க முடியாமல் பேனாக்கத்தியை எடுத்துத் தண்டில் தன் பெயரைச் செதுக்கினான். உள்ளே தேக்கு நிலைப்படியில் 'பி. அரிகரபுத்திரன்' என்று எழுத்து எழுத்தாக விழுவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது என்று நாச்சியாரம்மாள் இழுத்துப் பார்த்தாள். அதற்குள் காய் விழுந்துவிட்டது.

மூன்றாவது வந்தவன் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, மரத்தைப் பார்க்கத் திரும்பி நின்றான். அதற்கு மேல் மதினியும் சொல்லவில்லை, நானும் எழுதப் போவதில்லை. அன்றைக்கு மட்டும் அந்த வீட்டு நடையைச் சாணி கரைத்து மூன்று தடவை மெழுகினார்கள். விழுந்தது காய் இல்லை, முழுக் குலை.

ஊரில் பெண்களுக்கெல்லாம் விஷயம் பரவி, ஆற்றங்கரையில் அதுவே பேச்சானது. "நம்மளத்தான் மாடு பிடிக்க வந்த மாதிரி பல்லப் பாத்துட்டுப் போனானுவ. மாப்பிளைய, அதுவும் ஒருத்தரும் பாக்கலன்னு நெனச்சு நிக்கிற மாப்பிளைய, ஜன்னல்ல நின்னு பாக்குறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்ட்டீ" என்று ஏக்கப்பட்டார்கள். எனக்கே அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. என்னைப் பார்க்க வந்த அன்றைக்கு நான் குனிந்த தலை நிமிரவில்லை. என் வீட்டுக்காரருக்கு மீசை உண்டு என்பதே தாலி கட்டும்போதுதான் தெரியும்.

ஆனால் உலகம்மைக்கு அது சிரிப்பாக இல்லை. மூன்று பேரையும் வேண்டாம் என்றாகிவிட்டது. நாலாவதாக ஒருத்தன் வருவானா என்று தெரியவில்லை. அவள் வயதுப் பெண்களுக்கெல்லாம் கையில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒரு பிள்ளை. அவள் தினமும் விடிந்ததும் வாசலைப் பெருக்கித் தெளித்துக் கோலம் போடுவாள். அதை யாரும் பார்க்கமாட்டார்கள். மரத்தடி எப்போதும் கண்ணாடிபோல் சுத்தமாக இருப்பது மட்டும் தெருவுக்குத் தெரியும்.

நாலாவதாக வந்தது களக்காட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் நெல்லைநாயகம். கூட அவனுடைய அம்மா பூரணத்தம்மாளும், அக்காள் புருஷனும். பங்குனி வெயில். கூத்தபிரான் பிள்ளை வழக்கம்போல இழுத்தார், வழக்கம்போல அக்காள் புருஷன் மூக்கை இடித்துக்கொண்டார். நெல்லைநாயகம் மட்டும் மரத்துக்கு நாலு முழம் தள்ளியே செருப்பைக் கழற்றினான்.

"ஏம்ல செருப்பக் கழத்துத? தரை சுடுதே" என்றாள் பூரணத்தம்மாள்.

"யாரோ மெனக்கெட்டுப் பெருக்கி வச்சிருக்காங்கம்மா. மிதிக்க மனசு வரல."

அம்மா துண்டை விரித்து நிழலில் கண் அயர்ந்தாள். அத்தான் மூக்குக்குத் தண்ணீர் தேடிப் போனார். நெல்லைநாயகம் கூஜாவில் தான் குடித்த மிச்சத்தை மரத்தின் வேரில் ஊற்றிவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மரத்திடம் மெதுவாகப் பேசினான்.

"இதுக்குள்ள ஒரு பொண்ணு இருக்காளாம். இருந்தா சொல்லிரு. எனக்கு நிலம் கிடையாது. கணக்கு நல்லா வரும், பாட்டு வராது. கோவம் வந்தா கத்தமாட்டேன், ஆனா ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். குறட்டை உண்டு. எங்க அம்மாவுக்கும் உண்டு. ரெண்டு பேரும் சேர்ந்து விட்டா ஓடு அதிரும்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாங்க. பின்னால தெரிஞ்சு வருத்தப்படக் கூடாது பாரு, அதான்."

ஜன்னலில் நின்ற உலகம்மை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். காற்றே இல்லாத தெருவில் ஓலைகள் சலசலவென்று சிரித்தன. ஒரு செவ்விளநீர், யாரோ கையில் எடுத்துக் கொடுப்பதுபோல மெள்ள இறங்கி, அவன் மடியில் உட்கார்ந்தது.

கூத்தபிரான் பிள்ளை ஓடிப்போய் அரிவாள் கொண்டுவந்து சீவினார். பூரணத்தம்மாள் எழுந்து முதல் வாய் குடித்தாள். குடித்தவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொஜ்ஜி" என்றாள். "வீட்டு நெய். ரவைய அவசரப்படாம வறுத்திருக்கா. ஏலக்காயத் தட்டித்தான் போட்டிருக்கா, முழுசாப் போடல. முந்திரிப்பருப்பு ஒண்ணுகூடக் கரியல." இன்னொரு வாய் குடித்தாள். "எலே, நீ இந்த வீட்டுலதான் பொண்ணு எடுக்க. அது மரமா இருந்தாலும் சரி, மலையா இருந்தாலும் சரி."

(இந்த இடத்தில் மதினி எச்சிலை விழுங்கினாள். நானும் எச்சிலை விழுங்கிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

சரி, பெண் எடுப்பது எப்படி? தெருவே கூடிவிட்டது. தோஷம் கழிய வாழை மரத்துக்குத் தாலி கட்டுவது உண்டல்லவா, அதுபோல இந்தத் தண்டில் கட்டினால் உள்ளே பெண் கழுத்தில் ஏறிவிடும் என்றார் ஒருத்தர். மூக்கு வீங்கின அத்தான் விடவில்லை.

"மரத்துக்கு மொதல்ல கட்டினா மரந்தான் மூத்தாளு. அந்தப் பொண்ணு இளைய தாரமாகவா வாழ வரணும்? நாளைக்கு மூத்தாளுக்குச் சேலை எடுக்க தென்னமட்டைக்குல்ல சுத்தணும்!"

அதுவும் நியாயம்தான் என்றது தெரு. வெயில் ஏறியது. வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துப் பூட்டினான். பூரணத்தம்மாள் மரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே துண்டை உதறி மடித்தாள்.

உள்ளே உலகம்மை அப்பா முன்னால் போய் நின்றாள். அவள் அதுவரைக்கும் அப்பாவிடம் எதுவும் கேட்டதில்லை.

"அப்பா, நீங்க போய்க் கூப்பிடுங்க."

"கண்ணு பட்டுரும்மா."

"படட்டும்ப்பா. எம்மேல யாரு கண்ணும் பட்டதே இல்ல. நான் இருக்கனா இல்லையான்னு எனக்கே சில நாளு சந்தேகமா இருக்கு."

ஆவுடையப்ப பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் பத்தடி. அந்தப் பத்தடிக்குள் அவர் இரண்டு தடவை நின்றார், இரண்டு பிள்ளைகளுக்காக இருக்கும் என்று மதினி சொன்னாள். தெருவில் நின்றவர்களுக்கு, தண்டிலிருந்து ஒரு பெரியவர், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கன்னமெல்லாம் ஈரமாக வெளியே வந்து நின்றது தெரிந்தது.

"வாங்க" என்றார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி சொன்னார். "எல்லாரும் வாங்க. என் வீட்டப் பாருங்க. என் மகளப் பாருங்க. கண்ணாரப் பாருங்க, கண்ணு பட்டாப் படட்டும்."

இந்தத் தடவை கோவில் மணி அடிக்கவில்லை. ஒரு பல்லிகூடச் சொல்லவில்லை. கூத்தபிரான் பிள்ளை பலமாக ஒரு தும்மல் போட்டார், அவ்வளவுதான். ஆனால் நெல்லைநாயகத்தின் காலடியில் முதலில் ஒரு கோலம் தெரிந்தது, பிறகு கோலத்துக்கு அப்பால் ஒரு படி, படிக்கு மேல் யாரோ பெயர் செதுக்கின நிலை, நிலைக்குள் கையில் சொஜ்ஜித் தட்டோடு ஒரு பெண். அவள் தலை குனியவில்லை. அவனைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளே.

"குறட்டைய நானும் கேட்டேன்" என்றாள். "அத்தை விட்டாங்க. ஓடு அதிரல."

சித்திரையில் கல்யாணம். ஆவுடையப்ப பிள்ளை தெருவையே கூப்பிட்டார், கூப்பிட்டவர்கள் கண்ணுக்கெல்லாம் வீடு வீடானது. முதல் பந்தியில் கூத்தபிரான் பிள்ளையை உட்காரவைத்துத் தானே பரிமாறினார். "என்ன வே, உப்பு எப்படி?" என்று கேட்டார். "மரத்துல குடிச்ச ருசி இல்ல வே" என்று அவர் சொல்ல, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எல்லாரும் போனபிறகு ஆவுடையப்ப பிள்ளை மிளகாயும் உப்பும் கொண்டுவந்து மகளுக்கும் மருமகனுக்கும் மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியே வரவில்லை. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவருக்குக் கடைசிவரை சந்தேகம்.

கடையில் மிச்சமிருந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் அந்தத் தென்னையின் அடியில் எறும்பளவு ஒரு கதவு முளைத்திருந்ததாம். சீமைக்குப் போன அட்டைகளிலும் இருக்கும். யாராவது கிழவி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இந்தியாவில் மரத்துக்குக் கதவு உண்டு என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அந்த வீட்டுக்குக் கூப்பிடாமல் போகிற அந்நியர்களுக்கு அது இன்றைக்கும் மரம்தான் என்று மதினி சத்தியம் செய்தாள். அவளுக்கு உலகம்மையின் வீட்டில் சொஜ்ஜி சாப்பிட்ட அனுபவம் உண்டு. அதனால் நான் நம்புகிறேன்.

ஆறாம் நாள் சூரசம்ஹாரம் முடிந்து, விரதம் முடித்து, பஸ்ஸுக்குப் போகும்போது மதினி என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். அதையே நான் என் பிள்ளைகள் மூன்று பேரிடமும் கேட்டுக்கொண்டேன், மாப்பிள்ளை பார்க்கப் போகிறோம் என்றபோது மருமகன்களைப் பற்றியும் அதைத்தான் முதலில் விசாரித்தேன். இதுவரை படித்துக்கொண்டிருந்த உங்களிடமும் கேட்டுக்கொள்வது அதுதான். போகிற வழியில் மரத்தடியில் துப்பாதீர்கள். யார் வீட்டு நடையோ, நமக்குத் தெரியாது.